புது ரயிலும் முகூர்த்தப் பாவும்

போன வாரம் என் செல்போன் கீழே விழுந்து கண்ணாடி சுக்குநூறாகிவிட்டது. எப்படி உடைந்தது என்று கேட்ட கணவரிடம் கை வழுக்கிவிட்டது என்றேன். பழுது பார்க்கும் கடைக்காரரிடமும் அதையே சொன்னேன். சொல்லும்போதே அது என் சொந்தப் பதில் இல்லை என்று தெரிந்தது. என் மாமாவிடமிருந்து எடுத்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் இதைச் சொன்னபோது குடும்பமே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். நாங்கள் ஆரணியை ஒட்டிய சேவூரில் இருந்தோம். மாமா வீடு அங்கிருந்து மேற்கே, ரயில் பாதை ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு தறிகள், ஒரு டீக்கடை, ஒரு ரயில் நிறுத்தம். பள்ளி விடுமுறை விட்டால் என்னை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். நான் சொல்கிற விடுமுறை தொண்ணூறுகளின் தொடக்கத்தில். எனக்கு ஒன்பது வயது.

அப்போது அது மீட்டர் கேஜ் பாதை. வேலூர் பக்கமிருந்து திருவண்ணாமலை பக்கம் போகிற ஒற்றைத் தண்டவாளம். நீராவி எஞ்சின் இழுக்கும் பாசஞ்சர் வண்டி காலையில் ஒருமுறை போகும், சாயங்காலம் திரும்பும். காலை ஏழு மணிக்கு வரவேண்டிய வண்டி ஒன்பதரைக்கு முன்னால் வந்து யாரும் பார்த்ததில்லை. வேலை இருக்கிறவர்கள் பேருந்தில் போனார்கள். ஒருவர் ரயிலில் போகிறார் என்றால் போகிற இடத்தில் அவருக்கு ஒன்றும் அவசரமில்லை என்று பொருள். ஒருமுறை ஊருக்குத் திரும்பிய விருந்தாளி செருப்பை மறந்துவிட்டு ரயில் ஏறிவிட்டார். மாமா சைக்கிளில் போய், அடுத்த ஸ்டேஷனில் டீ குடித்து, இன்னொரு டீயும் குடித்து, பிறகு வந்து நின்ற ரயிலில் செருப்பைக் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்படிப்பட்ட ரயிலுக்காக அரசாங்கம் கட்டிவைத்த நீளமான, நேரான, மட்டமான மண் நடைமேடையைப் பார்த்தால் வேறு யாருக்கும் ஒன்றும் தோன்றியிருக்காது. நெசவுக்காரர்களுக்குத் தோன்றியது.

பாவு என்பது சேலையில் நீளவாக்கில் ஓடும் இழைகள். தறியில் ஏற்றும் முன் அதை முழு நீளத்துக்கும் விரித்து, விறைப்பாக இழுத்துப் பிடித்து, கஞ்சித் தண்ணீர் தெளித்து நீவி, அறுந்த இழைகளை முடிய வேண்டும். மூன்று சேலைக்கான பாவு நாற்பது முழத்துக்குக் குறையாது. வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். மாமாவின் தெருவோ நாலு வீட்டுக்கு ஒருமுறை வளையும். ஆகவே அந்த ஊர்ப் பாவுகளெல்லாம் ரயில்வேயின் நடைமேடையில்தான் விரிந்தன.

நிறுத்தத்துக்கு ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. டீக்கடை ஓரமாக சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறவரே கமிஷனுக்கு டிக்கெட்டும் விற்றார். எல்லோரும் ஏஜெண்ட் என்பார்கள். அவர் போட்ட நிபந்தனை இரண்டு. நடைமேடையில் முளை அடிக்கக் கூடாது. ரயில் வருகிற நேரத்தில் பாவு இருக்கக் கூடாது.

"ரயில் எப்பய்யா வரும்?" என்று மாமா கேட்டார்.

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? டிக்கெட் விக்கிறவன் நானு."

முளை அடிக்கக் கூடாது என்பதால், பாவின் ஒரு முனையைப் பெயர்ப்பலகைத் தூணில் கட்டுவார்கள். மறு முனையின் கயிற்றை மாமா கையில் சுற்றிக்கொண்டு, குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து நிற்பார். மாமாதான் முளை. இரண்டு மணி நேரம் அசையமாட்டார். மூக்கு அரித்தால் அத்தையைக் கூப்பிட்டுச் சொறியச் சொல்வார். கொசு கடித்தால் கொசுவைத் திட்டுவார். கையை மட்டும் விடமாட்டார். நடுவில் விட்டால் ஆயிரக்கணக்கான இழைகள் சுருண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பாவைக் கைவிட்டவன் என்று எங்கள் பக்கத்தில் ஒருவனைச் சொன்னால் அவன் பேரனுக்குப் பெண் பார்க்கும்போதும் அது பேச்சில் வரும்.

அந்த விடுமுறையில் விரித்தது சாதாரணப் பாவு இல்லை. சித்திக்கு, அதாவது அம்மாவின் தங்கைக்கு, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் நெசவுக்காரர்கள். கண்ணமங்கலம் பக்கம். கூறைச் சேலையை மாமாவே தன் தறியில் நெய்யட்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியிருந்தார். அது மரியாதையா பரீட்சையா என்று அத்தை இரண்டு நாள் யோசித்துப் பரீட்சைதான் என்று முடிவு செய்திருந்தார். அரக்கு நிறம். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. இந்தப் பாவு கெட்டால் இன்னொரு முறை சாயம் போட்டு, பாவு ஓட்டி, நெய்து முடிக்க நாள் கிடையாது.

அந்த வாரத்தில்தான் புது ரயில் விட்டார்கள். ஃபாஸ்ட் பாசஞ்சர். பேருந்தைவிடச் சீக்கிரம் போய்விடும் என்று பேச்சு. எங்கள் நிறுத்தத்துக்கு ஏழு பத்துக்கு வரும் என்று ஏஜெண்ட் ஒரு தாளைப் படித்துக் காட்டினார். முதல் வண்டி வருகிற அன்றைக்கு வேண்டாம், வேறு நாளில் பாவு விரிக்கலாமே என்றார் அத்தை. மாமா சிரித்தார்.

"ஒரே தண்டவாளம். ஒரு வண்டி ஓடறப்பவே ரெண்டரை மணி நேரம் லேட்டு. இப்ப ரெண்டு வண்டி. அது வர்றதுக்கு இது ஒதுங்கணும், இது வர்றதுக்கு அது ஒதுங்கணும். அஞ்சு மணி நேரம் லேட்டு. மத்தியானம் சோறு துன்னுட்டு வந்து நின்னா போதும், வண்டியப் பாக்கலாம்."

கணக்கில் யாருக்கும் பிழை தெரியவில்லை. இருந்தாலும் அத்தையின் மனசாந்திக்காக என்னைக் காவலுக்கு நிறுத்தினார் மாமா. நடைமேடை முடிந்து முப்பதடி தள்ளி ஒரு வேப்பமரம். அங்கே நின்று வடக்கே பார்க்க வேண்டும். வளைவில் புளியந்தோப்பு தண்டவாளத்தை மறைக்கும். ஆனால் ரயில் வருவதற்கு வெகு நேரம் முன்பே தோப்புக்கு மேலே புகை தெரியும்.

"பொக தெரிஞ்சா கத்தணும். தண்டவாளத்தாண்ட போவக் கூடாது. இன்னா பாப்பா?"

"சரி மாமா" என்றேன்.

அத்தையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் பாவின் இருபுறமும் நடந்து நீவிக்கொண்டிருந்தார்கள். மாமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாய்ந்து நின்றார். ஏஜெண்ட் சலவைச் சட்டை போட்டு, எஞ்சினுக்குப் போட ஒரு சாமந்தி மாலையோடு டிக்கெட் ஜன்னலருகே நின்றார். ஊரில் அந்த ரயிலை நம்பியவர் அவர் ஒருவர்தான்.

வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பது அரைமணி நேரத்தில் சலித்துப்போகும் வேலை. வேப்பமரத்தைவிடத் தண்டவாளம் மேடான இடத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் புகை இன்னும் முன்னாலேயே தெரியும் என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். தண்டவாளக் கம்பிமேல் ஏறி, கைகளை விரித்துக்கொண்டு நடந்தேன். வடக்கே பத்தடி போகும்போது வானத்தைப் பார்ப்பேன். திரும்பி வரும்போது கீழே விழாமலிருக்கக் காலைப் பார்ப்பேன். புகை இல்லை. இம்மியளவும் இல்லை. நான் கடமையில் தவறவில்லை என்று இன்றும் சொல்வேன்.

புது ரயிலுக்கு டீசல் எஞ்சின் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

பாதங்களில் குறுகுறுவென்றிருந்தது. கால் மரத்துவிட்டது என்று நினைத்தேன். பின்னால் ஆரன் சத்தம் கேட்டது. ரயில் என்றால் கூவும், இது ஏதோ லாரி, தோப்புக்கு அப்பால் ரோட்டில் போகிறது என்று நினைத்தேன். காலைப் பார்த்தபடியே இன்னும் இரண்டடி வைத்தேன். மறுபடி ஆரன். நிமிர்ந்தேன்.

மாமா என்னை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. வேட்டி அவிழ்ந்து பின்னால் பறந்தது. நான் முதலில் பார்த்தது அவர் கைகளை. இரண்டும் வெறும் கைகள்.

பாவை விட்டுவிட்டு ஓடிவருகிறார் என்றால் நான் ஏதோ பெரிய தப்புச் செய்திருக்கிறேன், கொன்றே போடுவார் என்று புரிந்தது. கம்பியிலிருந்து குதித்து வேர்க்கடலைக் கொல்லைக்குள் ஓடினேன். என் முதுகுக்குப் பின்னால் ஏதோ பெரிதாகக் கடந்து போய்க் கிறீச்சிட்டது. நான் திரும்பவில்லை. ரயிலைவிட எனக்கு மாமாவிடம்தான் பயம்.

வரப்பில் பிடித்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. என் கையைப் பிடித்தபடி பொத்தென்று வரப்பில் உட்கார்ந்தார். அவர் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் பாவை இழுத்துப் பிடித்த கை, நடுங்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்தே நடைமேடை தெரிந்தது. ரயில் அழகாக நின்றிருந்தது. பிறகு ஏஜெண்ட் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார், மணி சரியாக ஏழு பத்து. ஜன்னல்களிலெல்லாம் தலைகள். அரக்குப் பட்டு மொத்தமும் மண்ணில் குவிந்து கிடந்தது. அத்தை அதற்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

"யாரும் கால வைக்காதீங்க! பாவு கெடக்குது! அந்தாண்ட எறங்குங்க, அந்தாண்ட!"

பாவை மிதிப்பதும் தாண்டுவதும் எங்கள் பக்கத்தில் ஆகாது. இறங்க எடுத்த கால்கள் அப்படியே உள்ளே போயின. முதல் நாள் என்று ரயிலைப் பார்க்க ஏறிய கூட்டம் முழுவதும் மறுபக்கம் ஜல்லியில் குதித்தது. ஒரே ஒரு அம்மாள் மட்டும் அசையாமல் வாசலில் நின்றார். பருத்த உடம்பு, கையில் பூவும் பழமும் வைத்த பை.

"யாருதுங்க இந்தப் பாவு?"

அந்த அம்மாள்தான் மாப்பிள்ளையின் அம்மா. புது ரயிலிலும் ஏறிப் பார்த்த மாதிரி ஆயிற்று, கூறை எந்த மட்டில் இருக்கிறது என்றும் பார்த்த மாதிரி ஆயிற்று என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார். மாலையும் கையுமாக நின்ற ஏஜெண்ட்தான் பணிவாகப் பதில் சொன்னார்:

"ஒங்க மருமவளோடதுதாம்மா."

கல்யாணம் நின்றது என்று அத்தை அந்த நொடியில் முடிவுகட்டிவிட்டாராம். அந்த அம்மாள் மறுபக்கம் இறங்கி, கடைசிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, பையைக் கீழே வைத்தார். சிக்கை ஒரு சுற்றுப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார்.

"அழுதுகினு நின்னா சிக்கு போவுமா? அந்த முனையப் புடிங்க. ஜல்தி, வெயிலு ஏறுது."

சிக்கு விழுந்த பாவைப் பார்த்துவிட்டு நெசவுக்காரன் சும்மா போகமாட்டான். ரயிலிலும் பாதிப் பேர் அவர்கள்தான். ஒருவர் இறங்கி வந்தார், பின்னால் நாலு பேர், அதன் பின்னால் பத்துப் பேர். கார்டு பச்சைக் கொடியோடு வந்து, "இன்னும் எவ்ளோ நேரம்மா?" என்றார். கொடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பிடியுங்கள் என்று அவர் கையில் ஒரு முனையைக் கொடுத்துவிட்டார்கள். அவரும் பிடித்துக்கொண்டு நின்றார். பேருந்தை முந்த வந்த ரயில் முக்கால் மணி நேரம் எங்கள் சித்தியின் கல்யாணச் சேலைக்காக நின்றது.

டிரைவராவது அவசரப்படுத்தியிருக்கலாம். வண்டி நின்ற பிறகு அவர் ஒருமுறைகூட ஆரன் அடிக்கவில்லை. எஞ்சினிலிருந்து இறங்கி எங்கள் பக்கம் பார்த்தார். கையை உயர்த்தினார். மாமாவும் கையை உயர்த்தினார். தெரிந்தவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு அவர் எஞ்சின் படியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

சேலை நல்லபடியாக நெய்து முடிந்தது. அறுபட்ட இழைகளின் முடிச்சுகள் முந்தானைப் பக்கம் ஒரு சாணுக்கு இப்போதும் விரலில் தட்டும். மாமா பாவை ஏன் விட்டார் என்று அன்றைக்கே எல்லோரும் கேட்டார்கள்.

"கை வழுக்கிடுச்சு" என்றார்.

"பாப்பா எங்க இருந்தா?" என்று அத்தை கேட்டார்.

"வேப்பமரத்தாண்டதான் நின்னுகினு இருந்துது."

மாமா சரியாகப் பார்க்கவில்லை, தப்பித்தோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பாவை விட்ட பயத்தில்தான் ஓடினார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதோடு அவருக்கு வழுக்கு மாமா என்று பெயர் விழுந்தது. கல்யாண வீட்டில் நான் ஒரு துண்டைத் தூணில் கட்டி, மறு முனையைப் பிடித்துச் சாய்ந்து நின்று, மூக்கைச் சொறியச் சொல்லி, துண்டை விட்டுவிட்டு வாயைத் திறந்துகொண்டு ஓடிக் காட்டினேன். பந்தலே சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் காட்டச் சொன்னார். மாமாவும் சிரித்தார். அடுத்த இருபது வருஷத்துக்கு வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் நான் அதை நடித்துக் காட்டுவது வழக்கமாயிற்று.

புது ரயில் மறுநாளிலிருந்து ஒன்பதரைக்கு வந்தது. ஒற்றைப் பாதை, கிராஸிங் என்று படித்தவர்கள் காரணம் சொன்னார்கள். அந்த முக்கால் மணி நேரத்தைப் பிடிக்கத்தான் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. பிறகு பாதையே அகலமாகிவிட்டது. மாமா போய் எட்டு வருஷம் ஆகிறது.

போன வாரம் அதே பாதையில் ஒரு ஸ்டேஷனில் நானும் என் மகனும் நின்றிருந்தோம். பதினாலு வயது. காதில் பாட்டு. எதிர் நடைமேடையில் தண்ணீர் பாட்டில் விற்கிற கடை இருந்தது. மேம்பாலம் ஏறச் சோம்பல்பட்டு, நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தண்டவாளத்தில் இறங்கிவிட்டான். ஆரன் கேட்டது. நான் நிமிர்ந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. அவன் மேலே ஏறி வந்த பிறகுதான் வண்டி உள்ளே நுழைந்தது. "எவ்ளோ ஸ்லோவா வந்துச்சு, அதுக்குப் போய் இப்பிடிக் கத்தினு ஓடியாறியேம்மா" என்றான். அவன் கையைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்தேன். கை வலிக்கிறது விடு என்றான். விடவில்லை. என் கை நடுங்குவதைப் பார்த்தான். கொஞ்ச தூரத்தில் கண்ணாடி நொறுங்கிக் கிடந்த போனையும் பார்த்தான்.

"போன் போச்சுன்னாம்மா இப்பிடி நடுங்கற? வேற வாங்கிக்கலாம்."

ஆமாம் என்றேன்.