ஆலங்கட்டி மழையில் ஒரு வரன்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் மூன்றாவது ஆள், கையில் பாதி பஜ்ஜியை வைத்துக்கொண்டு, "ஐஸ் டைப்பா? அது வேஸ்ட்டுங்க" என்றான்.

சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு ஹால். சோபாவில் அவனும் அவன் அம்மா அப்பாவும். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் என் அப்பா, அம்மா, கல்யாணமாகிச் சேலையூரில் இருந்த என் அக்கா. அவன் அம்மா என்னிடம், "ஹாபி என்னம்மா?" என்று கேட்டிருந்தார். அப்பா தயாரித்த பயோடேட்டாவில் தோட்டக்கலை, கர்நாடக இசை என்று இருந்தது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு துளசிச் செடி. அதற்கும் அம்மாதான் தண்ணீர் ஊற்றினாள். முந்தைய இரண்டு வரன்களிடமும் அந்தப் பொய்யை ஒப்பித்து அலுத்துப் போயிருந்தேன். அதனால் கம்ப்யூட்டரில் மிருகச் சண்டை விளையாடுவேன் என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனும் அதே விளையாட்டை ஆடுகிறவனாம். என் அணியில் யார் யார் என்று கேட்டான். பனி ஆடு என்றேன். அப்போதுதான் அந்தப் பஜ்ஜியும் அந்த வாக்கியமும்.

"பார்க்க அழகா இருக்குன்னு பொண்ணுங்க எடுப்பாங்க. நான் தப்பு சொல்லல. ஆனா சீரியஸா ஆடறவங்க யாரும் ஐஸைத் தொட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, என் அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். அப்பாவும் சிரித்தார். அவருக்கு அந்த விளையாட்டில் ஒரு எழுத்தும் தெரியாது.

அவன் சொன்னது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இணையத்தில் ஒரு பட்டியல் இருந்தது. எந்த மிருகம் முதல் தரம், எது குப்பை என்று யாரோ நாலு பேர் எழுதி வைத்தது. அதை மனப்பாடம் செய்துவிட்டு மேதை மாதிரி பேசுகிற ஆண்கள், சிறுசேரியில் நான் வேலை பார்த்த கட்டடத்தில் மாடிக்கு ஒருவராவது இருந்தார்கள். பொறியியல் பாடத்தையும் அவர்கள் அப்படித்தான் படித்திருப்பார்கள். கைடில் இருப்பது கேள்வித்தாளில் வந்தால் பாஸ்.

விளையாட்டு எளிதுதான். ஆளுக்கு ஆறு மிருகங்கள். களத்தில் ஒரு நேரத்தில் ஒன்றோடு ஒன்று மோதும். இரண்டு பேரும் அடுத்து என்ன செய்வது என்று ரகசியமாகத் தேர்ந்தெடுத்த பிறகு, இரண்டும் நடக்கும். வேகமான மிருகம் முதலில் அடிக்கும். நெருப்பை நீர் வெல்லும், நீரை மின்சாரம் வெல்லும் என்று வகைக்கு வகை பகை. பனி வகைக்கு நெருப்பு, பாறை, இரும்பு, குஸ்தி என்று நாலு பக்கமும் எதிரி. வாங்கித் தாங்க வக்கில்லாத வகை. அதுவரை பட்டியல்காரர்கள் சொல்வது சரி.

ஆனால் பனி ஆடு அடி வாங்கப் பிறந்ததில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. தம்பி திருச்சி ஹாஸ்டலுக்குப் போனபோது விட்டுச்சென்ற கம்ப்யூட்டரில், ஆபீஸ் பஸ் என்னை இறக்கிவிட்டதும் முகம் கூடக் கழுவாமல் உட்கார்ந்து, தோற்றுத் தோற்றுக் கற்றேன். ஆட்டை முதலில் இறக்கக் கூடாது. அதற்கு எமனாக இருப்பவை எதிரணியில் எவை என்று பார்த்து, மற்ற ஐந்தையும் பலி கொடுத்தாவது அவற்றை முடித்துவிட வேண்டும். ஆலங்கட்டி மழையை வரவழைக்க வேண்டும். அந்த மழையில் பனி வகையைத் தவிர எல்லா மிருகத்துக்கும் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் உயிர் கரையும். கடைசியில் ஆடு வரும். அடிக்கும். அவ்வளவுதான். இதில் அழகு எங்கே வந்தது?

அன்று பெரியவர்கள், பையனும் பெண்ணும் வெளியே எங்காவது உட்கார்ந்து பேசட்டும் என்று தாராள மனதோடு முடிவு செய்தார்கள். அடுத்த ஞாயிறு, துணைக்கு அக்கா. அவன் காபி ஷாப் என்றான். நான் பிரவுசிங் சென்டர் என்றேன்.

கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பாய் நடத்திய கடை அது. வீட்டில் நெட் போகும் நாட்களில் நான் அங்கே போவேன். அடையாள அட்டையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு, "ரெண்டு சிஸ்டம் பக்கத்துப் பக்கத்துலயே கீதும்மா, போய்க் குந்துங்க" என்றார். எங்கள் இருவருக்கும் நடுவே பிளைவுட் தடுப்பு. முகம் தெரியாது, குரல் கேட்கும். அக்கா பின்னால் ஒரு ஸ்டூலில் வார இதழைப் பிரித்துக்கொண்டாள்.

"நான் கொஞ்சம் மெதுவா ஆடறேன், உங்களுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாது" என்றது தடுப்புக்கு அந்தப் பக்கம்.

"வேண்டாம்" என்றேன்.

அவன் அணி நான் நினைத்தபடியேதான் இருந்தது. பட்டியலின் முதல் பக்கத்தை அப்படியே பிய்த்து எடுத்து வந்திருந்தான். இரண்டு டிராகன், ஒரு நெருப்புப் பறவை, ஓர் இரும்பு ஆமை, ஒரு காளை, ஒரு பாறை மனிதன். சொந்தமாக ஒரு மிருகம், ஒரு யோசனை கிடையாது. முதல் வேலையாக என் பக்கக் களத்தில் கூரான கற்களைக் கொட்டினான். அவற்றின் மீது இறங்கினால் என் ஆட்டுக்குக் கால் பங்கு உயிர் போகும். அதுவும் பட்டியலில் உள்ளதுதான்.

நெருப்புப் பறவையும் பாறை மனிதனும் என் நீர்யானையிடம் செத்தன. ஆமையை முடிக்க எனக்கு மூன்று மிருகங்கள் தேவைப்பட்டன. நீர்யானையும் அதில்தான் போனது. என் அணி குறையக் குறைய அவன் குரல் கனிந்துகொண்டே வந்தது. "பரவால்லங்க, நல்லாத்தான் ஆடறீங்க. ஆமையை அங்க அடிச்சிருக்கக் கூடாது." எனக்குப் பாடம் வேறு நடத்தினான். முதல் டிராகன் இறங்கி, ஒரு சுற்று முழுக்க நடனமாடித் தன் பலத்தையும் வேகத்தையும் ஏற்றிக்கொண்டது. அதைத் தடுக்கப் போன என் நான்காவது மிருகமும் ஒரே அடியில் விழுந்தது. ஐந்தாவதை இறக்கினேன். அது களத்தில் கால் வைத்ததுமே ஆலங்கட்டி மழையை வரவழைத்துவிட்டு, அதே சுற்றில் இறந்தது. அதன் வேலை அவ்வளவுதான்.

ஆடு இறங்கியது. கற்கள் குத்திக் கால் பங்கு போயிற்று.

"ஐயோ, ஆடு வந்துடுச்சு" என்று சிரித்தான். அக்காவும் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

டிராகன் இப்போது என் ஆட்டைவிட வேகம். ஒரு நெருப்பு அடி போதும். அவன் அதைத்தான் தேர்ந்தெடுப்பான். வேறு எதையும் யோசிக்கிறவன் இல்லை. அதனால் அந்தச் சுற்றில் நான் தாக்கவில்லை, தடுத்தேன். நெருப்பு வீணாயிற்று. மழை டிராகனைக் கொஞ்சம் தின்றது. அடுத்த சுற்றில் என் ஆட்டிடம் இருந்த ஒரு சின்னப் பனித்துண்டை எறிந்தேன். பலம் குறைந்த அடிதான். ஆனால் எவ்வளவு வேகமான மிருகத்தையும் முந்திக்கொண்டு பாயும். சிறகுள்ள டிராகனுக்குப் பனி அடி நாலு மடங்கு வலிக்கும். விழுந்தது.

நான் சிரித்தேன். கொஞ்சம் உரக்கவே சிரித்தேன். பாய் திரும்பிப் பார்த்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் நாற்காலி கிறீச்சிட்டது. நான் அடுத்த டிராகனை எதிர்பார்த்து மறுபடி பனித்துண்டை எறிந்தேன். அவன் காளையை இறக்கி அதை வாங்கவைத்தான். காளைக்கு அது எறும்புக்கடி. அடுத்த சுற்றில் காளை முட்டியதில் என் ஆட்டுக்கு உயிர் ஒரு கோடு அளவுக்கு வந்துவிட்டது. பட்டியலில் இல்லாத ஆட்டம். அந்த ஐந்து நிமிடம் அவனை எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் நம்புவதற்கு ஆள் இல்லை. ஆனால் பிடித்திருந்தது.

ஆடு பனிப்புயலை வீசியது. ஆலங்கட்டி மழையில் அது குறி தவறாது. காளை சாகவில்லை. சுற்று முடிந்ததும் மழை எஞ்சியதைக் கரைத்தது. காளை விழுந்தது. கடைசி டிராகன் வந்தது. அது இன்னும் நடனமாடிப் பலம் ஏற்றியிருக்கவில்லை. என் ஆடே முந்தியது. ஒரே புயல்.

வெளியே வந்து மூவரும் கரும்புச்சாறு குடித்தோம். "நல்லா ஆடினீங்க" என்றான். அவன் காது மடல் சிவந்திருந்தது. அப்போதாவது வாயை மூடியிருக்கலாம் நான். "பட்டியலைக் கொஞ்ச நாள் படிக்காம இருங்க" என்றேன். அவன் தலையாட்டினான்.

மூன்றாம் நாள் அவன் அம்மா போன் செய்தார். பெண்ணைப் பிடித்துவிட்டதாம். அப்பா ஸ்பீக்கரில் போட்டார், அம்மாவும் கேட்க வேண்டும் என்று. அந்த அம்மாள் பெருமையோடு சொன்னார்: "எங்க பையனுக்கு ரொம்ப நல்ல மனசு சார். அன்னிக்கு ஏதோ கேம் ஆடினாங்களாமே, உங்க பொண்ணு மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு விட்டுக் கொடுத்துட்டானாம்."

அப்பா நெகிழ்ந்து போனார். "பார்த்தியா, எவ்வளவு பெரிய குணம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

நான் மொட்டை மாடிக்குப் போய் அவன் செல்லுக்கு அடித்தேன்.

"விட்டுக் கொடுத்தீங்களா?"

"ஐயோ, அம்மாகிட்ட சும்மா சொன்னதுங்க. அவங்களுக்கு என்ன புரியப் போகுது?"

"தோத்துட்டேன்னு சொன்னா புரியாதா?"

"ஒரு கேம்தானே. இதைப் போய் ஏன் சீரியஸா எடுத்துக்கறீங்க?"

பஜ்ஜியோடு உட்கார்ந்திருந்தபோது சீரியஸாக ஆடுகிறவர்களைப் பற்றி எனக்கு வகுப்பெடுத்தவன் இவன்தான். "உங்க அம்மாவைக் கூப்பிட்டு, நான் கேக்க, 'நான்தான் தோத்தேன்'னு சொல்லுங்க, கல்யாணத்துக்கு நான் சரின்னு சொல்றேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் அப்படிச் சொல்லியிருந்தால் அவனைக் கட்டிக்கொண்டிருப்பேன். அவன் சிரித்து மழுப்பினான். பிறகு, "நாளைக்குப் பேசலாம்" என்று வைத்துவிட்டான்.

நாளைக்கு நான் பேசவில்லை. வேண்டாம் என்று வீட்டில் சொன்னேன். அப்பா முதலில் கத்தினார். பிறகு மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள் அம்மா. அக்கா மட்டும் சேலையூரிலிருந்து வந்து சமாதானம் பேசினாள்.

"உனக்காகத்தானேடி அப்படிச் சொன்னான்?"

"எனக்காக ஏன் பொய் சொல்லணும்? நான்தானே ஜெயிச்சேன்?"

"நீ ஜெயிச்சியா? எனக்கு என்ன தெரியும், நான் புக்கு படிச்சிட்டு இருந்தேன்."

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சண்டைக்குச் சாட்சி நாங்கள் இருவர்தான். அதில் ஒருவன் ஏற்கெனவே வேறு கதை சொல்லிவிட்டான். இனி என் கதை யார் காதில் ஏறும்?

அவர்கள் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று அப்பா நான்கு நாள் யோசித்தார். கடைசியில் தன் அழகான கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதினார். வேறொரு ஜோசியரிடம் காட்டியதில் ஜாதகம் பொருந்தவில்லையாம், மிகவும் வருந்துகிறாராம். ஏழு பொருத்தம் இருக்கிறது என்று துள்ளிக் குதித்தவர் இவர்தான். கடிதத்தையும் அவன் போட்டோவையும் கவரில் வைத்து ஒட்டி, என் கைப்பை மீது வைத்தார்.

மறுநாள் காலை அதைத் தாம்பரத்தில் ஒரு கொரியர் கடையில் நான்தான் கொடுத்தேன். உள்ளே என்ன என்று கேட்ட பெண்ணிடம் "டாகுமென்ட்ஸ்" என்றேன். ரசீதை வாங்கிக்கொண்டு ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.