வலது பக்கம் கம்மிதான்

அந்த வட்டாரத்தில் அவரைப் பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. மீட்டர் என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள். ஹோம் தியேட்டர் பொருத்துவதும், பொருத்தியதில் சத்தம் ஏறுமாறாக வந்தால் சரிசெய்வதும் அவர் தொழில். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப்பையில் அவர் சத்தம் அளக்கும் கருவியைச் செருகியிருப்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். கோபம் வந்தால் மனைவியும், "ஏன், மீட்டர் என்ன சொல்லுது?" என்றுதான் கேட்பார்.

முன்பு ஒரு பெரிய கடையின் சர்வீஸ் பிரிவில் பதினோரு வருடம் இருந்தவர். வேலை போனதற்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் புது வீட்டில் படம் பார்த்தால் வசனம் புரியவில்லை என்று புகார் வந்தது. போய்ப் பார்த்தால் கூடத்தில் மூன்று பக்கமும் கண்ணாடி, தரையெல்லாம் பளிங்கு. சத்தம் எங்கே பட்டாலும் திரும்பி வந்து வசனத்தோடு மோதிக்கொண்டிருந்தது. "செட்டுல குறை இல்ல சார், உங்க ரூம்லதான் குறை" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தார். பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டை ஒரு மெக்கானிக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? மறுநாள் கடை முதலாளி அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ஆளுங்க கேக்கறதைச் செஞ்சு குடுக்கத்தான் உன்னை அனுப்பறேன். பாடம் நடத்த இல்ல."

அதற்குப் பிறகு தனியாகத் தொழில் செய்தார். யாரிடமும் எதிர்த்துப் பேசுவதில்லை என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். வீட்டுக்காரர் அதிர்வு அதிகம் என்றால் அதிகம், கம்மி என்றால் கம்மி. சில வீடுகளில் ஒரு குமிழை இப்படித் திருகி, அதே இடத்துக்கே திருப்பி வைத்துவிட்டு "இப்ப?" என்று கேட்பார். "ஆங், இப்பதான் சரியா இருக்கு" என்பார்கள். நல்ல மனுஷன், கைராசிக்காரர் என்று பெயர் பரவியது. வேலைக்கும் குறைவில்லை.

அவரைக் கூப்பிட்டவர்களில் ஒரு தம்பதியர் ஓர் அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் இருந்தார்கள். கணவர் ஓய்வுபெற்ற சர்வேயர். நிலத்தை அளந்து அளந்து, வீட்டுக்குள்ளும் எதையும் அளக்காமல் விடமாட்டார். சோபாவுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை நாடா பிடித்து அளந்து தரையில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்தவர். இருவரும் ஒரே வருடம் ஓய்வுபெற்றபோது, இனி வீட்டிலேயே படம் பார்க்கலாம் என்று ஐந்து ஸ்பீக்கர் உள்ள செட்டு ஒன்றை வாங்கினார்கள். மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள்.

செட்டு வந்து ஆறு மாதம் கழித்து அந்த அம்மா ஒரு குறை சொன்னார். வலது பக்கம் சரியாக வரவில்லை.

மீட்டர் போனார். எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தம் அனுப்பும் ரிசீவர் பெட்டியில் சோதனைச் சத்தத்தைப் போட்டார். மழை இரைவதுபோல ஓர் இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வந்தது. அம்மா உட்காரும் இடத்தில், அவர் காது உயரத்தில் கருவியைப் பிடித்தார். இடது எழுபத்தைந்து. வலதும் எழுபத்தைந்து. முள் இரண்டுக்கும் ஒரே கோட்டில் நின்றது.

"இந்தப் பக்கம் பாதிதான் வருது தம்பி" என்றார் அம்மா.

ரிசீவரின் பின்னால் இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டார். பிறகு ஸ்பீக்கர் பெட்டிகளையே இடம் மாற்றி வைத்தார். கோளாறு பொருளில் இருந்தால் இந்த இரண்டில் ஒன்றுக்காவது அது பக்கம் மாறியாக வேண்டும். மாறவில்லை. எதை எங்கே வைத்தாலும் அம்மாவுக்கு வலது பக்கம்தான் குறைந்தது. பேசும்போது அவர் முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி இடது காதைக் கொடுப்பதையும் மீட்டர் கவனித்தார்.

சர்வேயர் சோபாக் கையில் தட்டிச் சிரித்தார். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே. செட்டு கல்லு மாதிரி இருக்கு. இவளுக்குத்தான் காது போச்சு. முப்பது வருஷம் ஊர்க்கதை கேட்ட காது, எவ்வளவு நாள்தான் உழைக்கும்?"

அம்மாவும் சிரித்தார், ஆனால் முகம் சுண்டிவிட்டது. "லைன்ல மூச்சு விடறதை வச்சே ஆளை அடையாளம் சொன்னவ நான். ஒரு மாசமா இவர் என்னைச் செவிடுன்னு கூப்பிடறார். பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டேயும் சொல்லிட்டார். நீங்களே சொல்லுங்க தம்பி. உங்க கையில மெஷின் இருக்கு."

இரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள். மீட்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அந்த அம்மாவை அந்தச் சிரிப்புக்கு முன்னால் தலைகுனிய வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அதோடு பழைய முதலாளியின் முகமும் ஞாபகம் வந்தது.

"அம்மா சொல்றது சரிதான் சார்" என்றார். "வலது பக்கம் கம்மிதான். அந்தப் பக்கம் ஜன்னல் திரை தடிமனா இருக்கு பாருங்க, சத்தத்தைக் குடிச்சிடுது."

வலது ஸ்பீக்கரை மூன்று டெசிபல் ஏற்றினார். அம்மா கண்ணை மூடிக் கேட்டார். "இப்ப வருது" என்றார். பிறகு கணவரைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்களா?" என்றார். சர்வேயர் இரண்டு கையையும் தூக்கித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அம்மா உள்ளே போய் இரண்டு கோப்பை காபி கொண்டுவந்தார். ஒன்று மீட்டருக்கு, ஒன்று தனக்கு. கணவருக்கு இல்லை. மூன்று பேரும் சிரித்தார்கள்.

மீட்டரின் மனைவி மருந்துக் கடையில் பில் போடுபவர். வீட்டில் சாப்பிடும்போது மீட்டர் இதைப் பேச்சுவாக்கில் சொன்னார். மனைவி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"ஒரு காது மட்டும் மங்குதுன்னா சும்மா விடக்கூடாதுங்க. கடைக்கு வர்றவங்களை நாங்களே டாக்டர்கிட்ட துரத்தி விடுவோம். நாளைக்கே போன் போட்டுச் சொல்லுங்க."

"நான் வலது பக்கம் கம்மிதான்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இப்ப போய் உங்க காதுலதான் குறைன்னு எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

மறுநாள் போனை எடுத்தார். சர்வேயர் எடுத்தால் என்ன சொல்வது என்று யோசித்தார். அடுத்த தடவை போகும்போது நேரில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார். வயதானால் காது மங்காமல் இருக்குமா என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

ஐந்து மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை சர்வேயருக்கும் ஒரு குறை இருந்தது. "எனக்கென்னவோ வலது பக்கம்தான் ஜாஸ்தியாப் படுது."

"அப்ப உங்களுக்குத்தான் காது போச்சு" என்று அம்மா மடக்கினார்.

அன்று அம்மா கலகலப்பாக இருந்தார். மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் போய்க் காதைப் பற்றிப் பேச மீட்டருக்கு வாய் வரவில்லை. இன்னும் மூன்று டெசிபல் ஏற்றிவிட்டு வந்தார்.

பிறகு நடந்தது அவருக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. சர்வேயர் எதையும் அளந்து பார்க்காமல் விடுபவர் இல்லை. தன் காதுதான் கெட்டுவிட்டது என்று நம்பி, காது டாக்டரிடம் போய்ச் சோதனை செய்துகொண்டார். இரண்டு காதும் நன்றாக இருக்கிறது, இந்த வயதில் இப்படி இருப்பதே அபூர்வம் என்று டாக்டர் சொன்னார். துணைக்குப் போன அம்மா அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த அறைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு கதவுதான்.

மூன்றாவது அழைப்பு அடுத்த எட்டாவது மாதம். கதவைத் திறந்தது அம்மாதான். அம்மா சுவரில் கை ஊன்றியபடி நடந்தார். "புது டைல்ஸ் வழுக்குது தம்பி" என்றார். டைல்ஸ் காய்ந்து சொரசொரப்பாக இருந்தது. வலது காதுக்குள் எந்நேரமும் கொதிக்கிற பாத்திரம்போல ஓர் இரைச்சல் என்றும், கன்னத்தில் பாதி மரத்துப்போகிறது என்றும் சொன்னார். பல்வலி என்று பல் டாக்டரிடம் காட்டியிருந்தார்களாம்.

ரிசீவரில் வலது பக்கத்தை ஏற்ற இனி இடமில்லை. மீட்டர் ஒரு நாற்காலியை எடுத்து டிவிக்கு முதுகைக் காட்டிப் போட்டார். "அம்மா, இதுல உக்காருங்க."

அம்மா உட்கார்ந்தார். இரைச்சலைப் போட்டார். இப்போது அந்த வலது ஸ்பீக்கர் அவருக்கு இடப்பக்கம்.

"இது நல்லாக் கேக்குது" என்றார் அம்மா. "அந்தப் பக்கம்தான் இப்ப ஒண்ணுமே இல்ல." சொல்லிவிட்டு வலது காதில் கை வைத்துப் பார்த்தார். திரும்பிய நாற்காலியோடு குறையும் திரும்பிவிட்டதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"செட்டுல ஒண்ணும் இல்லம்மா" என்றார் மீட்டர். "சீக்கிரம் டாக்டரைப் பாருங்க. இன்னிக்கே பாருங்க."

முதல் நாளிலும் ஒன்றும் இல்லை என்பதை அப்போதும் சொல்லவில்லை.

காது நரம்பில் கட்டி. சாதாரணமாக வருடக்கணக்கில் மெல்ல வளரும், இது வேகமாக வளர்ந்து மூளைத் தண்டை அழுத்திக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை ஒன்பது மணி நேரம் நடந்தது. உயிர் தங்கியது. வலது காது முழுதாகப் போனது, முகத்தின் வலப்பாதி தொங்கிவிட்டது, அந்தக் கண் மூடவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் கதிர்வீச்சு கொடுத்தே அடக்கியிருக்கலாம் என்று டாக்டர் மகளிடம் சொன்னார். கைக்குழந்தையோடு வந்திருந்த மகள் அதை அப்பாவிடம் சொல்லி அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மீட்டர் பார்க்கப் போனார். மனைவி கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்று தனியாகப் போனார். கூடத்திலேயே கட்டில் போட்டிருந்தார்கள். மூக்கில் குழாய், மூடாத கண்மேல் ஈரத்துணி. சர்வேயர் தலைமாட்டில் உட்கார்ந்து மருந்து நேரங்களைக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குப் பேச்சு குழறியது. ஒவ்வொரு சொல்லாக மெனக்கெட்டுப் பேசினார். "முதல் நாள்... மீட்டர்ல... என்ன காட்டுச்சு?"

சர்வேயர் எழுதுவதை நிறுத்தினார். ஏதோ ஒரு பொய்யை மீட்டர் கடைசி முறையாகத் தேடியிருக்க வேண்டும். கிடைக்கவில்லை.

"ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் காட்டுச்சும்மா."

அம்மா ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தார். "என்னை... ஜெயிக்க வச்சீங்க" என்றார். கோபமா, நன்றியா, கேலியா என்று அந்தப் பாதி முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

சர்வேயர் எழுந்தார். "வெளியில வாங்க" என்றார். மாடிப்படியில் நின்று, குரலை உயர்த்தாமல் பேசினார். "நான் காதுன்னு சொன்னேன். நீங்க மெஷினைக் காட்டி சத்தம் கம்மின்னு சொன்னீங்க. அளந்து சொன்னா நான் மறுபேச்சு பேச மாட்டேன், என் தொழில் அப்படி. அதனால என் காதைச் சந்தேகப்பட்டேனே ஒழிய உங்களைச் சந்தேகப்படல."

"தப்பு என்னுதுதான் சார்."

"இனிமே வராதீங்க."

அம்மா நான்கு மாதம் இருந்தார். குழாய் வழியாகக் கொடுத்த கஞ்சி நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். மீட்டரும் மனைவியும் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றார்கள். வண்டி கிளம்பும்போது சர்வேயர் அவர்களைப் பார்த்தார். தலையை ஆட்டவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

மீட்டர் தொழிலை விடவில்லை. ஆனால் இப்போது உள்ளதை உள்ளபடி சொன்னார். சொன்ன விதம்தான் சரியில்லை. ஒருவரிடம் எடுத்த எடுப்பில், "டாக்டர்கிட்ட போங்க, தள்ளிப் போடாதீங்க" என்று பதறிப்போய்ச் சொல்ல, அவர் பயந்துபோய் ஓடினார். காதில் இருந்தது வெறும் அழுக்கு. ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். இன்னொரு வீட்டில், "செட்டைப் பாக்க வந்தியா, எங்களைப் பாக்க வந்தியா?" என்று கதவைச் சாத்தினார்கள். அழைப்புகள் குறைந்தன. மனைவி கடையில் கூடுதல் நேரம் நின்றார். அவர் ஒருநாளும் 'நான் அன்றைக்கே சொன்னேனே' என்று சொல்லிக்காட்டியதில்லை. அதுதான் மீட்டரை அதிகம் குத்தியது.

ஒரு வருடம் போயிருக்கும். சர்வேயரே போன் செய்தார். மகளோடு போய் இருக்கப்போகிறாராம். செட்டைக் கழற்ற ஆள் வேண்டும்.

"வேற ஆளை அனுப்பட்டுமா சார்?"

"நீங்களே வாங்க."

காலை பத்து மணிக்குப் போனார். சாமான்கள் பெட்டிகளில் கட்டிக் கிடந்தன. மீட்டர் ஸ்டூல்மேல் ஏறிப் பின்பக்க ஸ்பீக்கர்களைக் கழற்றிக் கொடுக்க, சர்வேயர் கீழே நின்று வாங்கி வைத்தார். ஒயரை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சுற்றினார்கள். பாதிச் சுற்றில் சர்வேயர் பேசினார்.

"உங்களைத் திட்டி அனுப்பினதை நினைச்சுப் பார்த்தேன். உங்களுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிருந்தது. போனை வலது காதுல வச்சுப் பேசறவ இடது காதுக்கு மாத்திட்டா. பாத்தேன். பாத்து என்ன செஞ்சேன்? கிண்டல் பண்ணினேன். வா, டாக்டரைப் பாத்துட்டு வரலாம்னு ஒருநாள் நல்லவிதமாச் சொல்லியிருந்தா வந்திருப்பா. செவிடுன்னு சொன்னா எவதான் வருவா?"

உங்கள்மேல் தப்பில்லை என்று சொல்ல மீட்டருக்கு வாய்வரை வந்தது. தனித் தொழில் தொடங்கியதிலிருந்து அவர் ஆட்களிடம் சொல்லிப் பழகிய வகை வார்த்தை அது.

"ஆமா சார்" என்றார். "ரெண்டு பேருமேதான்."

சர்வேயர் தலையசைத்தார். ஒயரைச் சுற்றி முடித்தார்கள். செட்டை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் சர்வேயர். மீட்டர் மாட்டேன் என்றார். கடைசியில் அதைக் கீழ்த்தளத்து வாட்ச்மேனின் அறையில் இறக்கி வைத்தார்கள். அவருக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும். கனமான பெட்டியை இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். "பாத்து, படி" என்று சர்வேயர் ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லிக்கொண்டே வந்தார். வண்டிக்காரர் கீழே ஹாரன் அடித்தார்.