எடுக்கக் கூடாத போன்

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருமுனையில் இருக்கும் தண்ணீர் கேன் கடையில் லேண்ட்லைன் போனை யாரும் எடுக்க மாட்டார்கள். எடுக்காமலேதான் அந்தக் கடை பல வருடங்களாக ஓடியது. தண்ணீர் வேண்டியவர்கள் போன் போடுவார்கள், இரண்டு முறை மணி அடித்ததும் வைத்துவிடுவார்கள். போனில் இருக்கும் சின்னத் திரையில் அவர்களுடைய நம்பர் வந்து நிற்கும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கடைக்கார அக்கா அதன் கடைசி நாலு எண்களைப் பார்த்துவிட்டு, "பால்வாடி பக்கத்துல பச்சை கேட்டு, ரெண்டு கேன்" என்று குரல் கொடுப்பார். அவர் கணவர் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். எந்த நம்பர் எந்த வீடு, எந்த வீட்டுக்கு எத்தனை கேன் என்பதெல்லாம் அக்காவின் தலைக்குள் இருந்தது.

ஊரே போன் காசில் சிக்கனம் பிடிக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அக்காவுக்குக் காது சரியாகக் கேட்காது என்பது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தும், எந்நேரமும் இயர்போனை மாட்டிக்கொண்டு திரிந்த எனக்கு மட்டும் தெரியாது. நேரில் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். போன் மணி கேட்கும். ஆனால் போனுக்குள் பேசுகிறவர்களின் குரல் அவருக்கு வெறும் இரைச்சல்.

மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்ட வந்த இயந்திரம் தரைக்குக் கீழே போன போன் கேபிளை அள்ளிக்கொண்டு போனது. போன் கம்பெனிக்காரர்கள் இனிமேல் அந்தக் கம்பியைச் சரிசெய்வதாக இல்லை என்றார்கள். அதே நம்பரை இன்டர்நெட் வழியாகத் தருவார்களாம். நாம் ஒரு பெட்டி வாங்கி, இன்டர்நெட்டுக்கும் போனுக்கும் நடுவில் மாட்டி, நாமே செட் பண்ணிக்கொள்ள வேண்டுமாம். நான் அப்போது வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் கடைசி வருடம். யார் வீட்டு வைஃபை நின்றாலும் கூப்பிடாமலே போய் நிற்கிற ஆள். "பத்து நிமிஷ வேலைதான்க்கா இது" என்று வாயை விட்டேன்.

பெட்டி உள்ளங்கை அளவுதான் இருந்தது. ஒரு பக்கம் இன்டர்நெட் வயர், இன்னொரு பக்கம் அக்காவின் பழைய போன். போனை எடுத்து நட்சத்திரத்தை மூன்று முறை அழுத்தினால் பெட்டியே தன் முகவரியை எண் எண்ணாக ஆங்கிலத்தில் ஒப்பித்தது. அதை லேப்டாப்பில் அடித்தேன். இந்தப் பக்கம் பாதுகாப்பற்றது என்று பிரவுசர் சிவப்பில் மிரட்டியது. அதைத் தாண்டினால் பாஸ்வேர்டு. பெட்டியின் அடிவயிற்றில் எறும்பு போல அச்சடித்திருந்ததைச் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது.

உள்ளே போனால் பக்கம் பக்கமாகக் கட்டங்கள். கம்பெனி அனுப்பிய சர்வர் பெயர், யூசர் ஐடி எல்லாவற்றையும் போட்டு 'சேவ்' அழுத்தினேன். எதுவும் நடக்கவில்லை. சேவ் என்றால் எழுதி வைத்துக்கொள்வது மட்டுமாம். அதைச் செயலுக்குக் கொண்டுவர 'அப்ளை' என்று தனியாக ஒன்று. அதற்குப் பிறகும் பெட்டியை அணைத்து எழுப்பும் 'ரீபூட்' அழுத்தி இரண்டு நிமிடம் பெட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்தப் பக்கத்தை வடிவமைத்தவர் கையில் கிடைத்தால் மூன்று முறை ரீபூட் செய்யலாம் போலிருந்தது.

ஒருவழியாகப் பச்சை விளக்கு எரிந்தது. என் செல்லிலிருந்து கூப்பிட்டேன், மணி அடித்தது, நானே எடுத்து எனக்கே ஹலோ சொல்லிக்கொண்டேன். "முடிஞ்சுதுக்கா!" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். போனின் திரையை நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை அக்காவின் கணவர் எங்கள் வீட்டு கேட்டை ஆட்டினார்.

"இன்னா பாப்பா பண்ணி வச்சிருக்கே? மணி அடிக்குது, கட்டாவுது, நம்பர் மட்டும் வரல. யார் ஊட்டுக்குன்னு நான் தண்ணி தூக்கிகினு போறது?"

கடைக்குப் போனேன். மணி அடித்து நின்றது. திரையில் ஒரு கோடு மட்டும் இருந்தது. அக்கா ஒன்றிரண்டு வீடுகளைக் குத்துமதிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதில் ஒரு வீட்டில், நாங்கள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம், தண்ணீர் எதற்கு என்று கேட்டுக் கேனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"எடுத்துப் பேசுங்களேன்க்கா, அவ்ளோதானே?" என்றேன்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணவர்தான் சொன்னார்: "அதுக்குக் காது கேக்காதே பாப்பா. தெரியாதா உனக்கு?"

கழுத்தில் தொங்கிய இயர்போனைச் சுருட்டிப் பையில் போட்டேன். அவர் நிறுத்தவில்லை, அக்காவைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: "இன்னாமே, இதெல்லாம் வேலைக்காவாது. சாயங்காலம் வரைக்கும் பாக்குறேன். வரலன்னா எல்லாருக்கும் என் செல்லு நம்பர குடுத்துடறேன். நானே பேசி நானே போட்டுக்கிறேன். நீ ஊட்ல ரெஸ்ட் எடு."

"ஊட்ல இன்னா கீது எனக்கு? செவுத்தப் பாத்துகினு குந்திக்கவா?" என்றார் அக்கா.

நான் மெல்ல வாட்ஸப் என்று ஆரம்பித்தேன். அக்கா என் உதட்டைப் படித்துவிட்டார். "வாட்ஸப்லயும் எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான் போடுதுங்க. எவ டைப் அடிக்கிறா?"

ஆக, அந்தத் திரையில் நம்பர் வந்தால் அவருக்கு அந்த நாற்காலி. வராவிட்டால் சுவர். இதைப் பத்து நிமிஷ வேலை என்று சொன்னவள் நான்.

அன்று கல்லூரிக்கு மட்டம் போட்டேன். கஸ்டமர் கேரில் அரை மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவர் வந்தார். "நம்பர் எங்க சைடுலேர்ந்து கரெக்டா வருது மேடம். பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க. உங்க கம்ப்ளைன்டை க்ளோஸ் பண்ணிடலாமா?" வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள், உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று மெசேஜ் வந்தது.

ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. லேப்டாப்பில் பெட்டியின் பக்கத்தைத் துழாவியபோது, வந்த அழைப்புகளின் பட்டியல் ஒன்று கிடைத்தது. காலையில் கூப்பிட்ட அத்தனை நம்பர்களும் அதில் இருந்தன! உற்சாகமாக அக்காவிடம் திருப்பிக் காட்டினேன். அவர் முதல் நம்பரில் விரலை வைக்கும் நேரத்தில் பக்கம் மறைந்து மறுபடி பாஸ்வேர்டு கேட்டது. உள்ளே நுழைந்து ஐந்து நிமிடம் ஆனால் தானாக வெளியே தள்ளிவிடும் பாதுகாப்பு ஏற்பாடு.

"இத்தக் கட்டிகினு அழவா நான்?" என்றார் அக்கா.

எனக்கு ஒன்று புரிந்தது. நம்பர் பெட்டி வரைக்கும் வருகிறது. பெட்டி அதைப் போனுக்குச் சொல்லும் விதம்தான் இந்தப் போனுக்குப் பிடிபடவில்லை. போன் சம்பந்தப்பட்ட பக்கத்தின் அடியில், நம்பரை எந்த முறையில் காட்ட வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்தது. ஜப்பான் இருந்தது, பிரிட்டன் இருந்தது, பிரேசில், ஸ்வீடன், டென்மார்க் எல்லாம் இருந்தன. இத்தனை கோடிப் பேர் போன் பேசுகிற நம் நாடு இல்லை.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. மாற்று, சேவ், அப்ளை, ரீபூட், இரண்டு நிமிடம் காத்திரு, செல்லிலிருந்து கூப்பிடு, திரையைப் பார். கோடு. மறுபடி உள்ளே போக பாஸ்வேர்டு. முதல் ரீபூட்டிலேயே காலை அழைப்புகளின் பட்டியலும் அழிந்துபோனது. பெட்டி தூங்கி எழுகிற அந்த இரண்டு நிமிடங்களில் எந்த வீட்டுக்காரர் கூப்பிட்டு ஏமாந்தாரோ என்று தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டேன். ஜப்பானில் மணியே ஒரு மாதிரி இழுத்து அடித்தது. பிரேசிலில் நம்பர் வந்தது, ஆனால் பாதிதான் வந்தது. அக்காவின் கணவர் வண்டி சீட்டில் சாய்ந்தபடி, யாரிடமோ தன் செல் நம்பரை நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, சாயங்காலம் வரைக்கும்னு சொன்னீங்க!"

"ஒர்த்தருக்குத்தான் பாப்பா. சொந்தக்காரன்."

டென்மார்க் கடைசியில் இருந்தது. ரீபூட் ஆகி எழுந்ததும் கூப்பிட்டேன். மணி அடிப்பதற்கு முன்பே திரையில் என் நம்பர் மொத்தமாக வந்து உட்கார்ந்தது. நான் குதித்தேன். அக்கா குதிக்கவில்லை.

"உன் நம்பர் வருது. ஜனங்க நம்பர் வருமா?"

காத்திருந்தோம். தேவைப்பட்ட நேரம் முழுக்க விடாமல் அடித்த போன் இப்போது வாயே திறக்கவில்லை. காலையில் அடித்து அலுத்தவர்கள் வேறு கடைக்குப் போயிருப்பார்களோ என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. அக்கா மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

நாலரை மணிக்கு மேல் மணி அடித்தது. இரண்டு முறை. நின்றது. அக்கா குனிந்து பார்த்தார்.

"ரேஷன் கடை சந்து, மாடி ஊடு. மூணு கேன்," என்றார் தெருவுக்கே கேட்கும்படி. "காலைலேர்ந்து தண்ணி இல்லாம கீறாங்க. இன்னும் இன்னாய்யா பாத்துகினு நிக்கிறே?"

கணவர் செல்லைச் சட்டைப் பையில் போட்டார். கேனைத் தோளில் ஏற்றினார்.

உடனே மறுபடி மணி. சந்தோஷத்தில் எனக்குக் கை நிற்கவில்லை, எடுத்து "ஹலோ!" என்றேன்.

எதிர்முனையில் ஒரு மூச்சுதான் கேட்டது. பிறகு வயதான ஓர் அம்மாவின் குரல், நடுக்கத்தோடு: "யாரும்மா பேசுறது? கேன் கடைதானே? அதுக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்குங்க?"

"அங்க குந்திக்குமே, அந்தப் பொண்ணுக்கு! இத்தினி வருசத்துல போனை எடுத்ததே இல்லியே!"

"ஒண்ணும் ஆகலைங்க. நல்லா இருக்காங்க, இங்கதான் உட்கார்ந்திருக்காங்க."

"அப்புறம் ஏன் எடுத்தே? நெஞ்சே நின்னுபோச்சு எனக்கு. வை மொதல்ல."

அக்கா என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் புரிந்துவிட்டது. ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கி வைத்து, திரையில் இருந்த நம்பரைப் பார்த்தார்.

"டீச்சரம்மா ஊடு. ஒரு கேன்," என்று வண்டியைப் பார்த்துக் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் ஏறு. பாவம், பயந்துகினு கீறாங்க. நான் நல்லா கீறேன்னு நேர்ல சொல்ட்டு வா."

லேப்டாப்பை மூடிவிட்டுப் போய் ஏறினேன்.