வாசற்படியில் நின்ற பெட்டி

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மொழிபெயர்ப்பாளர் வேலை மத்தளத்தின் வேலை. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழிக்கும் அன்பர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

எழுபதுகளில் அடையாறில் ஒரு சின்ன ஆராய்ச்சிக் கூடத்தில் எனக்கு அந்த வேலை. மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். கேரளக் கடற்கரையிலிருந்து ரஷ்யர்கள் கொடுத்த வானிலை ராக்கெட்டுகள் மேலே போய்க்கொண்டிருந்த காலம். ராக்கெட்டும் அவர்களுடையது, அதற்குள் உட்கார்ந்து மேலே எவ்வளவு குளிர் என்று சொல்லும் கருவியும் அவர்களுடையது. கருவியையாவது நாமே செய்யலாமே என்று எங்கள் தலைவர் சேஷாத்ரி சார் ஒரு பெட்டி செய்திருந்தார். ரஷ்யர் வந்து பார்த்து ஒப்புக்கொண்டு, தொடர்ந்து கேட்டு வாங்கினால் கூடம் பிழைக்கும். இல்லாவிட்டால் மூடிவிடுவதாக மேலிடம் சொல்லியாயிற்று.

என் வேலையும் அதுவரை தற்காலிகம்தான். தை பிறப்பதற்குள் நிரந்தரமாகாவிட்டால் நாக்பூர் வரனுக்குச் சம்மதம் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். வரனைக் குறை சொல்லவில்லை. நாக்பூரில் ரஷ்ய மொழியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இனிஷியல்

ஆடி மாதத்தில் வந்து இறங்கியவர் பெயர் விக்டர் இவானோவிச். ஆறடிக்கு மேல் உயரம், சிரிப்பே இல்லாத முகம். ரஷ்யர்களை மரியாதையாகக் கூப்பிடப் பெயரோடு அப்பா பெயரையும் சேர்க்க வேண்டும். இவான் என்பவரின் மகன் என்பதால் இவானோவிச். இதை எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். சேஷாத்ரி சாருக்கு நாக்கு புரளவே இல்லை. 'மிஸ்டர்' என்று ஆரம்பித்து இருமலில் முடித்தார்.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட கோட்டூர் முனுசாமி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "இதுக்கு இன்னாத்துக்கும்மா இவ்ளோ பாடம்? ஐ. விக்டர்னு சொல்லிட்டுப் போறதுதானே!" என்றார்.

புடவையின் பின்பக்கம்

சனிக்கிழமை சாயங்காலம், மனைவிக்குப் பட்டுப்புடவை வேண்டும் என்றார் விக்டர். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்கார அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று விரித்துப்போட்டார். விக்டர் ஒன்றின் முகத்தையும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் திருப்பினார், கரை உடலோடு சேரும் இடத்தை விரலால் தடவினார், நூலை இழுத்துப் பார்த்தார், தள்ளிவைத்தார்.

பாய் நிறையப் புடவை மலை. எனக்கு மானம் போனது. அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவரோ அசந்துபோய் நின்றார். "முந்தானையப் பாத்து மயங்குற ஆளுகளத்தாம்மா இத்தன நாளும் பாத்திருக்கேன். இவரு பின்பக்கத்தப் பாத்துல்லா வாங்குதாரு!"

கரண்ட்

திங்கட்கிழமை சோதனை. காலையில் முதல் வேலையாகப் புடவைக் கதையை சேஷாத்ரி சாரிடம் சொல்லி, "சார், இந்த மனுஷர் பெட்டியைத் திருப்பித்தான் பார்ப்பார்" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. முன்பக்கம் பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தார்கள். பின்மூடிக்குள் ஒயர்கள் பரட்டைத்தலையாகக் கிடந்தன. மூடியைக் கழற்றி ஒழுங்குபடுத்தியபோதுதான் ஓர் ஒயர் பற்றவைத்த இடத்தில் விட்டிருந்தது கண்ணில் பட்டது. அண்ணாச்சி கடை இருக்கும் திசை பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

மதியம் விக்டர் வந்தார், பெட்டியைத் திருப்பினார், மூடியைக் கழற்றினார், வெகுநேரம் பார்த்தார், மூடினார். பிறகு பெட்டியை ஆட்டும் மேசை. ராக்கெட்டில் படும் பாட்டை இங்கேயே பட்டுக் காட்ட வேண்டும். பாதியில் கரண்ட் போயிற்று. நடுவில் நின்றால் முதலிலிருந்து ஆட்ட வேண்டும் என்பது விதி. கரண்ட் வந்தது, ஆட்டினார்கள், மறுபடி போயிற்று. மூன்று முறை இப்படி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எங்கள் உயிர் போய் வந்தது. நாலாம் முறை கடைசி வரை ஆடி நின்றபோது பெட்டியின் அளவு காட்டும் முள் இம்மியும் பிசகாமல் நின்றது. விக்டர் முதல் முறையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன்: "எங்கள் பெட்டிகளை நாங்கள் ஒரு தடவைதான் ஆட்டுவோம். இதை உங்கள் ஊர் கரண்ட் நாலு தடவை ஆட்டிவிட்டது. இனி நான் சோதிக்க என்ன இருக்கிறது?"

வாசற்படி

மறுநாள் கையெழுத்தாகி, பெட்டியை வாங்கிக்கொண்டு அவர் கேரளாவுக்கு ரயிலேற வேண்டியதுதான் பாக்கி. ஸ்டோருக்கு வெளியே விக்டர் நின்றார். உள்ளே பெட்டியோடு முனுசாமி. விக்டர் கை நீட்டவில்லை. முனுசாமியும் நீட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். சேஷாத்ரி சார் என் பக்கம் குனிந்து, "மனசு மாறிட்டாராம்மா? கேளும்மா, கேளு!" என்று பதறினார். நாக்பூர் ரயில் என் கண்ணெதிரே வந்து நின்றது.

விக்டரைக் கேட்டேன். காது சிவக்கச் சொன்னார்: நடுவே நிலைப்படி இருக்கும்போது எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாதாம், அவர் அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாளாம். முனுசாமியைக் கேட்டேன். அவர் வீட்டிலும் அதே சட்டம். விண்வெளிக்குப் போகிற பெட்டி ஒரு முழ உயரப் படியைத் தாண்ட முடியாமல் நின்றது! விக்டர் தலையைக் குனிந்து உள்ளே வந்தார், இரண்டு கையாலும் பெட்டியை வாங்கினார், வெளியே போனார். முனுசாமி என்னிடம், "அப்பவே நெனச்சேம்மா, இவுரு நம்ம ஊட்டு ஆளாட்டம் கீறாருன்னு" என்றார்.

காலிப் பாத்திரம்

பத்து நாள் கழித்துக் கேரளாவிலிருந்து டிரங்க் கால். ராக்கெட் போயிற்று, எங்கள் பெட்டி கடலில் விழும்வரை விடாமல் பேசியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல் அழுதேன். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியது. ஆனால் ஒரு பெட்டி பறந்தால் ஆயிற்றா? அடுத்த பெட்டியை யார் கேட்பார்கள்? கூடத்தைப் பற்றி மேலிடம் வாயே திறக்கவில்லை.

சோதனைக்காக ரஷ்யர்கள் இரவல் தந்திருந்த அளவுகருவி ஒன்று மரப்பெட்டியில் இருந்தது. அதைத் திருப்பி அனுப்பப்போகிறோம் என்று வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னேன். அம்மா அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஏண்டி, அடுத்தாத்துப் பாத்திரத்த வெறுமனவா திருப்பிக் குடுப்பா? ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் குடுக்கச் சொல்லு" என்றாள். இதை வேடிக்கையாக சேஷாத்ரி சாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கூடத்தில் செய்துவைத்திருந்த இன்னொரு பெட்டியை எடுத்து, இரவல் கருவியின் பக்கத்தில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்தார். அவர்கள் ஊர்க் குளிரையும் நம் பெட்டி கொஞ்சம் பார்க்கட்டும் என்றார். முனுசாமி ஓரத்தில் ஒரு பொட்டலம் கல்கண்டு செருகினார்.

மார்கழிக் கடைசியில் அதே மரப்பெட்டி திரும்பி வந்தது. மேலே சாக்லேட். அதற்குக் கீழே விக்டரின் கடிதம்: கல்கண்டு தீர்ந்துவிட்டது, பெட்டி எங்கள் குளிரிலும் நன்றாகப் பேசுகிறது; நீங்கள் பெட்டிகள் அனுப்புங்கள், நாங்கள் ராக்கெட் அனுப்புகிறோம், வருஷா வருஷம் இப்படியே நடக்கட்டும். நான் உரக்கப் படித்து முடித்ததும் சேஷாத்ரி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். முனுசாமிதான் சாக்லேட்டைப் பிரித்தபடி சொன்னார்: "இது இப்டியே போய்க்கினு வந்துக்கினு இருந்தா, நம்ம கடைய எவனாலும் மூட முடியாதும்மா."

கடிதத்தைப் பார்த்த மேலிடம் கூடத்தை மூடும் பேச்சை விட்டது; தை பிறப்பதற்குள் என் வேலையும் நிரந்தரமாயிற்று. நாக்பூர் வரனைக் கலைத்தது அம்மா போடச் சொன்ன அந்த ஒரு பிடி சர்க்கரைதான் என்பதை மட்டும், ஊருக்கெல்லாம் மொழிபெயர்த்த நான், அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவே இல்லை.