பாதி என்னுடையது

அஞ்சாம் வகுப்பு தாண்டாதவன் நான். கூலிக்குத் தறியில் உட்கார்ந்தவன், பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்தேன், மாடி வீடு கட்டினேன். எல்லாம் நான் ஒருத்தன் செய்தது.

பேரன் பிறந்தான். மாதங்கள் போயும் கழுத்து நிற்கவில்லை. "வந்தவ கொண்டாந்த சீக்கு" என்று என் அக்காவே என் மருமகளைப் பேசினாள்.

சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி. குழந்தையைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். எங்கள் எல்லோரிடமும் ரத்தம் எடுத்துப் போனவர், பல மாதம் கழித்துத் திரும்பி வந்தார்.

"உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் சக்தி உண்டாக்குற இடம் இருக்குதுங்கய்யா. அங்க புரதம் செய்யற கருவியில ஒரு பாகத்துக்கான ஜீன் பழுது. தாய்கிட்டேருந்தும் தகப்பன்கிட்டேருந்தும் பழுதா வந்தாத்தான் இந்த நோய்."

"அந்தப் பழுது என் மகனுக்கு எப்படிம்மா வந்துச்சு?"

"உங்ககிட்டேருந்துதான்."

என் முகத்துக்கு நேரே அப்படிப் பேசினவர் எவருமில்லை. கத்தினேன். அவர் உள்ளங்கைகளைத் தேய்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி இன்னும் மறக்கவில்லை.

பேரன் போய்விட்டான். அக்கா இன்றும் கல்யாண வீடுகளில் மருமகளைத்தான் பேசிக்கினு திரிகிறாள். கடைக்கும் வீட்டுக்கும் என் பெயரைச் சொல்கிற வாய் இந்தச் சீக்குக்கும் சொல்லட்டும். பாதி என்னுடையது.