கொளஞ்சிநாதன் கேட்காமல் விட்ட கேள்வி

பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கரி சுமக்கும் பெல்ட்டுகளை ஓட்டவும் நிறுத்தவும் உத்தரவு போகிற கன்ட்ரோல் ரூமில் கொளஞ்சிநாதனுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கீழே பள்ளத்திலிருந்து யாராவது போனில் "மூணாவது பெல்ட்ட நிறுத்துங்க" என்றால், உடனே கையை நீட்டிவிடக் கூடாது. "மூணாவது பெல்ட்ட நிறுத்தணும், சரிங்களா?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். எதிர்முனை சரி என்ற பிறகுதான் பொத்தான். அவ்வளவு நீளப் பெல்ட்டின் ஓரம் எந்த மனுஷன் எங்கே குனிந்துகொண்டிருக்கிறான் என்பது மேலே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடித்தபோது அவருக்குப் பெண் பார்க்கிற வயது தாண்டியிருந்தது. குவார்ட்டர்ஸில் அவர் மட்டும்தான். ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். பக்கத்து வீட்டில் குக்கர் எத்தனை விசில் போடுகிறது என்று எண்ணியபடி சாப்பிடுவார்.

2010இல் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். தட்டுத் தடுமாறித் தானே கற்றுக்கொண்டார். தமிழில் கணினி உதவி கேட்கிற இணைய மன்றம் ஒன்றில் சேர்ந்தார். அதில் 'புதியவர்கள்' என்றொரு பகுதி. கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் தயங்கித் தயங்கி வருகிற இடம். மூத்த உறுப்பினர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் "தேடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்" என்று ஒற்றை வரியில் விரட்டுவார்கள். கொளஞ்சிநாதன் அங்கேயே குடியேறிவிட்டார். "வணக்கம். தங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?" என்று தொடங்கி, கேட்டவர் ஆமாம் என்ற பிறகே பதிலை எழுதுவார். மூன்று வருஷத்தில் நாலாயிரம் பதில்கள். தீபாவளியன்று மத்தியானம் கேட்டவருக்குக்கூடப் பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. அன்றைக்கு அவருக்கு வேறென்ன வேலை?

2013 ஜூலையில், துபாயிலிருந்து எழுதும் செங்குட்டுவன் என்ற மூத்த உறுப்பினர் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு வரி போட்டார்: "கொளஞ்சி ஐயா, கேட்டதையே திருப்பிக் கேக்குறதுக்கு ஒரு கிளி வளர்த்தாப் போதுமே. பதிலச் சொல்லி அனுப்புங்க, பாவம் ஜனங்க!" அதன் கீழே பதினோரு பேர் சிரித்து வைத்திருந்தார்கள். அந்தப் பதினோரு பேரில் நாலு பேர் அவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டவர்கள்.

அவர் யாருக்கும் மறுமொழி எழுதவில்லை. அடுத்ததாக வந்திருந்த கேள்வியைத் திறந்தார். வடலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டைப்பிங் கடை வைத்திருப்பதாக முன்பு அறிமுகம் எழுதியிருந்த பட்டம்மாள் கேட்டிருந்தார்: "ஐயா, என் கம்ப்யூட்டர் மிகவும் மெதுவாகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது எப்படி?"

திருப்பிக் கேட்க விரல் வந்தது. பதினோரு சிரிப்புகள் கண்ணில் நின்றன. கேட்கவில்லை. எதை அமுக்க வேண்டும், எங்கே 'சரி' கொடுக்க வேண்டும் என்று ஒன்பது படிகளாக நேரே எழுதி அனுப்பினார். செங்குட்டுவன் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை பர்ஸ்ட் ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்து பார்த்தபோது பட்டம்மாளின் செய்தி இருந்தது. காலை பதினொரு மணிக்கு எழுதியது. "ஐயா சொன்னபடியே செய்துவிட்டேன். இப்போது நன்றாக ஓடுகிறது. மிக்க நன்றி. ஒரே ஒரு சந்தேகம். நான் சேமித்து வைத்திருந்த பழைய ஃபைல்கள் எங்கே போயிருக்கும்?"

அந்தம்மா எதையும் எடுத்து வைக்காமலே அழித்திருக்கிறார் என்று கொளஞ்சிநாதனுக்குப் புரிந்தது. அழிந்த ஃபைல்கள் கொஞ்ச நேரம் உள்ளே கிடக்கும். மேலே புதிதாக எழுத எழுதத்தான் மறையும். "உடனே கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள்" என்று அவசரமாக எழுதினார். அந்தம்மா பார்த்த அடையாளம் இல்லை. கடையில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருப்பார், ஒவ்வொரு வரியும் பழையதை மூடிக்கொண்டிருக்கும். போன் நம்பர் தருவது மன்றத்தில் தடை. சட்டையை மாற்றக்கூட இல்லை. மீட்பு மென்பொருள் இருந்த சிடியையும் தன் வெளி ஹார்ட் டிஸ்கையும் பையில் போட்டுக்கொண்டு வடலூர் பஸ் ஏறினார்.

கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி வேகமாக டைப் அடித்துக்கொண்டிருந்தார். எதிரே ஸ்டூலில் சுரங்கக் கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர், கையில் ஹெல்மெட்டோடு.

"அம்மா, அந்த கம்ப்யூட்டர கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க."

பட்டம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "யாருங்க நீங்க? கரண்ட் ஆபீசா?"

"கொளஞ்சிங்க. மன்றத்துல எழுதுவேனே."

"ஐயோ, நீங்களா! நான் பல்லு போன தாத்தா யாரோன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்?" என்று சிரித்தபடியே அணைத்தார். "கலியண்ணே, நான் சொல்லல? தாங்கள் தாங்கள்னு எழுதுவாருன்னு, அவருதான்."

"ஒரு சந்தேகம் கேட்டா வூடு தேடி வராங்களா? இந்த மாதிரி ஒரு டாக்டரக் காட்டு பாக்கலாம்" என்றார் கலியன்.

கொளஞ்சிநாதன் சிரிக்கவில்லை. "பழைய ஃபைல்ல என்ன இருந்துதுங்க?"

"இவுங்க லிஸ்ட்டு. பர்மனென்ட் கேட்டு மனு குடுக்குறாங்க. முந்நூத்திப் பன்னெண்டு பேரு. யாரு எப்ப சேந்தாங்க, எந்த கான்ட்ராக்டருகிட்ட எத்தினி வருசம், எல்லாம் ஆறு மாசமா அடிச்சது. வியாழக்கிழம கடலூர்ல லேபர் ஆபீசருகிட்ட குடுக்கணும். அது எங்கியோ போய் ஒளிஞ்சிகினு இருக்குது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போலருக்குங்க."

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. புதியவர்கள் தப்பாக அமுக்குவது வழக்கம்தான். யாரும் கேட்கப் போவதில்லை. கொளஞ்சிநாதன் பையிலிருந்து சிடியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நீங்க சரியாத்தாங்க செஞ்சீங்க. அழிக்கிறதுக்கு முன்னால, வேணுங்கறத எடுத்து வெச்சீங்களான்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. எல்லாம் அழிஞ்சிடுச்சு."

கலியன் எழுந்துவிட்டார். "என்னாய்யா சொல்ற? முந்நூறு குடும்பம்யா அது!"

பட்டம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "எழுத்துல அவ்ளோ மரியாதயா இருந்தீங்களே" என்று மட்டும் சொன்னார்.

சிடியைப் போட்டு மீட்பு வேலையை ஓடவிட்டார்கள். மறுநாள் அவருக்கு வார விடுமுறை. காலை எட்டு மணிக்குக் கடை திறக்கும்போதே போய் நின்றார். இரண்டாயிரத்துச் சொச்சம் ஃபைல்கள் மீண்டிருந்தன. எதற்கும் பெயர் கிடையாது, வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். யாருடையதோ ரேஷன் கார்டு மனு, யாருடையதோ ஜாதகம், பாதியில் அறுந்த கல்யாணப் பத்திரிகை. சாயங்காலம் நாலு மணிக்குப் பட்டியல் கிடைத்தது. பழைய பிரதி. இருநூற்று நாற்பத்தொரு பேர்தான் அதில்.

மிச்சம் எழுபத்தொரு பேர். கலியன் அன்று ராத்திரியும் மறுநாளும் சுரங்க கேட் வாசலில் நின்று ஆள் ஆளாகப் பிடித்தார். "நம்ம பேர கம்ப்யூட்டரு தின்னுட்டுதாமே?" என்று கிண்டல் பண்ணினாலும் வேலைக்குச் சேர்ந்த தேதியைச் சொல்லிவிட்டுப் போனார்கள். கொளஞ்சிநாதன் ஷிப்ட் முடித்து நேரே கடைக்கு வந்து கலியன் குறித்து அனுப்பிய சீட்டுகளைப் படிக்க, பட்டம்மாள் அடித்தார். வேலையைத் தவிர ஒரு பேச்சில்லை. புதன் சாயங்காலம் மூன்று பேரைத் தவிர எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள். அந்த மூன்று பேரும் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருந்தார்கள், நம்பர் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை மனு போயிற்று. முந்நூற்று ஒன்பது பேர்.

அன்று கொளஞ்சிநாதன் மன்றத்தில் பட்டம்மாளின் கேள்விக்குக் கீழேயே, தான் செய்த தவறு இன்னது, அதனால் மூன்று பேர் விட்டுப்போனார்கள் என்று எழுதினார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் ஒன்றும் எழுதவுமில்லை. பட்டம்மாளும் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. சந்தேகமே வராமலா இருக்கும்? வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்வார். கொளஞ்சிநாதன் தினமும் மற்றவர்களுக்குப் பதில் எழுதி முடித்து, அந்தப் பெயர் வந்திருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டே அணைத்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வார விடுமுறையன்று வடலூர் போனார். கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள். தன் முறை வருகிறவரை நின்றார்.

அவரைப் பார்த்ததும் பட்டம்மாளின் கை ஒரு நொடி நின்றது. "உக்காருங்க. என்ன அடிக்கணும்?"

வழியெல்லாம் எதையெதையோ யோசித்து வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து, "லீவ் லெட்டர் ஒண்ணுங்க" என்றார்.

"உங்களுக்கே அடிக்கத் தெரியுமே?"

"வூட்ல பிரிண்டர் இல்லைங்க."

பட்டம்மாள் அடித்தார். அனுப்புநர், பெறுநர், ஐயா எல்லாம் முடிந்து நிமிர்ந்தார். "காரணம் என்னான்னு போட?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் லீவு எடுத்தது தங்கைகள் கல்யாணத்துக்கு மட்டும்தான். "சொந்த வேலைன்னு போடுங்க."

"எந்தத் தேதிக்கு?"

"அத நான் எழுதிக்கிறேங்க."

காகிதத்தைச் சூடாறும் முன்பே வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்தார். பின்னால் நின்ற ஆள் அதற்குள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். பட்டம்மாள் அவனைப் பார்த்து, "சொல்லுங்க" என்றார்.