கையுறை போடாத வலக்கை

மூன்றாவது தடவையாகச் சீமோன் காருக்குள் தலையை விட்டு, கூரை விளக்கின் பல்பு கழற்றப்பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். கழற்றியவர் அவரேதான். வீட்டில் வெளிக்கிடும்போதே கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டிருந்தார். பிறகு பையையும் தடவிப் பார்த்தார்.

"பல்பு தானா ஏறிப் போய்ப் பூட்டிக்கொள்ளுமே?" என்றாள் மனைவி செலீன்.

"உமக்குத் தெரியாது. ஒருக்கா வெளிச்சம் அடிச்சால் எல்லாம் போச்சு."

ரொறன்ரோவின் ஓரத்தில், மில்லிக்கனில் ஒரு கம்பளக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் சீமோன். தொண்ணூற்றாறாம் ஆண்டின் இந்த ஜனவரியில், கடைகள் பூட்டுமுன்பே இருட்டிவிடுகிறது. நிலவில்லாத சனிக்கிழமைகளில் ரூஜ் பகுதியில் இருக்கும் வீட்டிலிருந்து காரில் வடக்கே ஓடி, பனி மூடிய சோள வயலோரம் தொலைநோக்கியை நிறுத்துவார். அதன் முதுகில் கமெரா. வானத்தோடு சேர்த்து அதை மெல்லத் திருப்ப ஒரு மோட்டார். மோட்டாரை அவர் நம்புவதில்லை. கண்ணாடிக்குள் தெரியும் சிலுவைக் கோட்டிலிருந்து நட்சத்திரம் விலகாதபடி, கண்ணை எடுக்காமல் இடக்கையால் பொத்தான் அழுத்திக்கொண்டு நிற்பார்.

பிலிம் பெட்டியில் அச்சடித்த வேகக் கணக்கையும் நம்பமாட்டார். "உது பகலுக்குச் சொன்ன கதை. இருட்டில பிலிமுக்குச் சோம்பல் பிடிச்சிடும். ரெண்டு மடங்கு நேரம் குடுத்தாலும் ரெண்டு மடங்கு வேலை செய்யாது." அதற்காக நேரத்தை நீட்டிக்கொண்டே போகவும் பயம். தெற்கே அடிவானத்தில் செம்மஞ்சளாய் ரொறன்ரோ கிடக்கிறது. "கூட நேரம் திறந்து வைச்சால் அவன் உள்ள வந்திடுவான்." அவன் என்பது நகரம். சோம்பல் பிலிமுக்கும் களவாக நுழையும் நகரத்துக்கும் நடுவே எங்கேயோ சரியான நேரம் இருக்கிறது. எட்டு நிமிடப் படத்தில் வானம் இன்னும் கறுப்பாகவே இருந்ததால், இருபது நிமிடம் தாங்கும் என்று முடிவு கட்டியிருந்தார்.

ஆனாலும் ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டியருகே இருக்கும் சிவப்பு முகில் அவர் படங்களில் ஒருநாளும் விழவில்லை. பிலிம் கழுவும் அல்பேட்டின் மருந்துத் தண்ணீரைச் சந்தேகித்து, அவனிடமே கேட்டும் விட்டார். அல்பேட் கோபிக்கவில்லை. செலீனிடம் தனியே சொன்னான்: "அன்ரி, அங்கிள் இருபது நிமிஷம் எண்டு சொல்லுறார். நெகட்டிவ்வைப் பார்த்தால் அரைவாசியும் இல்லை. நேரம் முடிய முந்தி ஷட்டரைப் பூட்டிறார்."

அதைப் பார்க்கத்தான் செலீன் இன்று கூட வந்தாள்.

பார்த்தாள். அந்தக் குளிரிலும் அவர் வலக்கையில் கையுறை இல்லை. தோல் வெடித்த கட்டைவிரல், ஷட்டரைத் திறந்து வைத்திருக்கும் கேபிளின் சின்னத் திருகாணியிலேயே இருந்தது. கையுறை போட்டால் அதைப் பிடிக்க முடியாது. தூரத்தில் கார் வெளிச்சம் தெரிந்ததும் திருகாணியைத் தளர்த்தி ஷட்டரைப் பூட்டிவிட்டார். முதல் படம் அப்படிப் போனது. இரண்டாவதும் போனது.

"ஏன் பூட்டினீங்கள்?"

"ஆர் வாறாங்களோ, ஆருக்குத் தெரியும்?"

யாழ்ப்பாணத்தில் வாகன வெளிச்சம் ஒழுங்கைக்குள் திரும்பினால், விளக்கை அணைத்துவிட்டு மூச்சையும் அடக்கிக்கொண்டு இருந்தவர்கள் இருவரும்.

வயலோரத்தில் புது விளக்குக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். வருகிற கிழமை எரியும். "இண்டைக்கு விட்டால் இனி இஞ்ச படம் இல்லை," என்றபடி சீமோன் மூன்றாவதைத் தொடங்கினார். தன் கம்பளித் தொப்பியை லென்ஸுக்கு முன்னால் தொடாமல் பிடித்தார், ஷட்டரைத் திறந்தார், ஆட்டம் அடங்கியதும் தொப்பியை விலக்கினார். அங்கிருந்துதான் நேரம் ஓடும்.

பாதியில் ஒரு பிக்கப் வந்தது. வெளிச்சம் பனிமேல் ஊர்ந்தது. வேகம் குறைந்தது. சீமோனின் விரல் திருகாணியை நெரித்தது.

"பூட்டாதேங்கோ!" செலீன் தன் தொப்பியைக் கழற்றி, குஞ்சம் ஆட ஆட, லென்ஸுக்கு முன்னால் பிடித்தாள். "மறைச்சிட்டன்."

"தொடாதையும்!"

"தொடேல்லை."

"நிக்கிறானே?"

"அவனை நான் பாக்கிறன். நீங்கள் நட்சத்திரத்தைப் பாருங்கோ."

வண்டி வயல் வாசலில் பின்வாங்கித் திரும்பி, வந்த வழியே போனது. இருட்டு மூடியதும் செலீன் தொப்பியை விலக்கினாள். தலையில் போடவில்லை, கையிலேயே வைத்திருந்தாள்.

"போயிட்டானோ?"

"போயிட்டான். இன்னொருத்தன் வந்தாலும் நான் நிக்கிறன்."

சீமோன் சிலுவைக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வலக்கையை மட்டும் திருகாணியிலிருந்து எடுத்து, ஜாக்கெட் பையைத் துழாவி, கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டார்.